கீப்-அலைவ் ஹெட்டரை இன்னும் அனுப்பணுமா?

செவ்வாய்ப்பேட்டை சர்வர்
ஏற்காடு ரூம் புக்கிங் தளங்களோட ரெஸ்பான்ஸைத் திறந்து பாருங்க, பலதுல ‘கனெக்‌ஷன்: கீப்-அலைவ்’னு ஒரு ஹெட்டர் வரி வரும், இணைப்பை மூடாம வெச்சிருன்னு அர்த்தம். பிரவுசரும் சர்வரும் பேசிக்கற எச்டிடிபி 1.1-ல இணைப்பு தானாவே திறந்துதான் இருக்கும். மூடணும்னாதான் ‘க்ளோஸ்’ சொல்லணும். 1997-லயே வந்த விதி. தூக்கிடலாம்.

கொண்டை ஊசி 20
தூக்கிட்டா மலை மேல இருக்கறவங்க கதி? சர்வர் வரை ஒரு தடவை போய்வர்ற ரவுண்ட் ட்ரிப் 80 மில்லிசெகண்ட்னு வெச்சுக்கங்க. புது இணைப்பு திறக்க டிசிபிக்கு ஒண்ணு, அதைப் பாதுகாக்கற டிஎல்எஸ் 1.2-க்கு ரெண்டு. படத்துக்குப் படம் 240 தெண்டம்.

செவ்வாய்ப்பேட்டை சர்வர்
ஹெட்டர் போனா இணைப்பு போகாதுங்கண்ணா. அதை முடிவு பண்றது டைம்அவுட் செட்டிங்.

அஸ்தம்பட்டி அட்மின்
1.1 க்ளையன்டுக்கு அது சரி. அப்பாச்சியோட டெஸ்ட் டூல்ல ‘ஏபி -கே’ போட்டு லோடு டெஸ்ட் பண்ணிப் பாருங்க தம்பி. அது 1.0-ல பேசும், பதில்ல கீப்-அலைவ் வரலைன்னா ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புது இணைப்புதான். ப்ராக்ஸியா முன்னால நிக்கற பழைய என்ஜின்எக்ஸும் பின்னால இருக்கற சர்வர்கிட்ட 1.0-லதான் பேசும், ‘க்ளோஸ்’ வேற சேர்த்து அனுப்பும். அங்க இணைப்பு திறந்தே இருக்க, ப்ராக்ஸி வெர்ஷன் 1.1, கனெக்‌ஷன் ஹெட்டர் காலி, அப்ஸ்ட்ரீம்ல கீப்அலைவ் 16: மூணும் வேணும்.

கொண்டை ஊசி 20
கூடவே ‘கீப்-அலைவ்: டைம்அவுட்=5’னு வர்ற வரியும் வெட்டி இல்லை. நோட் சர்வர் சும்மா கிடக்கற இணைப்பை வழக்கமா 5 செகண்ட்ல மூடும். முன்னால நின்னு ரிக்வெஸ்ட்டைப் பிரிச்சுக் கொடுக்கற பேலன்சர் 60 வரை வெச்சிருந்தா, செத்த இணைப்புல ரிக்வெஸ்ட் போய் எப்பவாவது ஒரு 502 எரர் விழும். லாக்ல தேடினாலும் காரணம் சிக்காது. க்ளையன்ட் அந்த வரியைப் படிச்சா முன்னாடியே விலகிக்கும்.

அஸ்தம்பட்டி அட்மின்
பேலன்சர் படிக்கும்னு நம்பி உக்காராதீங்க. நோட்ல 65 வைங்க.

செவ்வாய்ப்பேட்டை சர்வர்
எச்டிடிபி 2-க்கு என்ன சொல்றீங்க? 2015-லயே கனெக்‌ஷன், கீப்-அலைவ், அப்கிரேட் எல்லாத்துக்கும் தடை. பின்னால இருக்கற அப்பாச்சி சர்வர் ‘அப்கிரேட்: எச்2’ (எச்டிடிபி 2-க்கு மாறலாம்னு அர்த்தம்) அனுப்பி, என்ஜின்எக்ஸ் அதை அப்படியே தள்ளிவிட்டா, குரோம்ல பக்கம் திறக்கும், ஐபோன் சஃபாரியில திறக்காது. ஆளாளுக்கு எஸ்எஸ்எல்லைக் குறை சொல்லிட்டிருப்பாங்க.

அஸ்தம்பட்டி அட்மின்
அங்க நீங்க சொல்றதுதான் சரி, வெட்டியே ஆகணும். என்ஜின்எக்ஸ்ல ‘ப்ராக்ஸி ஹைட் ஹெட்டர்’ வரியில அப்கிரேட்டைப் போடுங்க. இல்லைன்னா அப்பாச்சியிலயே ‘ஹெட்டர் அன்செட்’. அப்புறம் கர்ல் கமாண்ட்ல எச்டிடிபி 2-ன்னு சொல்லிக் கூப்பிடுங்க. மிச்சம் இருந்தா எந்த ஹெட்டர்னு பேரோட திட்டும். 1.1 பக்கம் ரெண்டு வரியும் சேர்த்தாலே 47 பைட். அதுல கை வைக்க நான் ஒத்துக்க மாட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை சர்வர்
47 பைட்டுக்காகச் சொல்லலைங்க. 1.1 பக்கம் இருந்தா, நாளைக்கு யாராவது ப்ராக்ஸியை மாத்தறப்ப அதேதான் 2-க்கும் கசியும்.