தொட்டுத் தின்ன மொறுமொறுப்பாக எதை வைப்பது?

கெடிலக்கரையான் (கடலூர்):
வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். வழக்கமாக இத்தகைய நாள்களில் பெரிய பொட்டலம் உருளைக்கிழங்கு சிப்ஸையும் ஒரு குப்பி மயோனைஸையும் நடுவில் வைப்போம். அரை மணி நேரத்தில் இரண்டும் காலியாகிவிடும். இம்முறை வருபவர்களில் மூவருக்கு இரத்தக் கொதிப்பு, இருவருக்குச் சர்க்கரை நோய், போதாததற்குப் பிள்ளைகள் நால்வர். தொட்டுக்கொள்ள என்ன செய்வது என்பதை முடிவு செய்துவிட்டேன்: சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சைச் சற்றுக் கெட்டியாகக் கிண்டியது ஒன்று, புதினா அரைத்துக் கலந்த கட்டித் தயிர் ஒன்று, கொண்டைக்கடலையும் எள்ளும் சேர்த்து அரைக்கும் ஹம்மஸ் ஒன்று. எதைக் கொண்டு தொடுவது என்பதில்தான் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. ‘பேக்டு’, ‘மல்டிகிரெயின்’, ‘ராகி’ என்றெல்லாம் எழுதிய பொட்டலங்களைக் கடையில் பார்த்தேன். அவற்றை நம்பி வாங்கலாமா?

உப்பளம் வாசகி (புதுச்சேரி):
வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. பொட்டலத்தின் முன்பக்கத்தைப் படிக்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பொருள்களை எடை அதிகமானது முதலில் வருமாறு அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ராகிப் படம் போட்ட பொட்டலத்தில் அரிசி மாவும் சோள மாவும் பாமாயிலும் முன்னே நிற்க, ராகி நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் பொட்டலத்தில் ராகி பத்து விழுக்காடுதான் என்றால், 30 கிராம் தின்பவருக்குக் கிடைப்பது 11 மில்லிகிராம். அதற்கு ஒரு வாய் மோர் குடித்துவிடலாம்.

சாதாரண உருளைக்கிழங்கு சிப்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். 100 கிராமுக்கு 530 கலோரிக்குக் குறையாது. அதே எடை கேரட்டில் 40 கலோரி, வெள்ளரியில் 15. எனவே நான் வைப்பது காய்கறிகளைத்தான்: நூல்கோல், கேரட், வெள்ளரி, குடைமிளகாய், வெள்ளை முள்ளங்கி. நறுக்கியவுடன் வைத்தால் அவை துவண்டுவிடும் என்பார்கள். விரல் நீளத்துக்கு நறுக்கி ஐஸ் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்தால், காயின் திசுக்கள் நீரை உள்வாங்கி விறைத்துக்கொள்ளும். பிறகு வெள்ளைத் துணியில் ஈரம் ஒற்றிவிட்டுப் பரிமாறுங்கள், நறுக்கென்று கடிபடும். பெரிய மார்க்கெட்டில் காலை எட்டு மணிக்கு முன் போனால் நூல்கோல் இளசாகக் கிடைக்கிறது. முற்றியதை வாங்கிவிடாதீர்கள், அது நார்.

பலாமரத்தடி (பண்ருட்டி):
வாசகி அம்மாவின் கணக்கில் பிழையில்லை, ஆனால் கேள்வி வேறு. ஐயா கேட்டது மொறுமொறுப்பு. அம்மா சொல்வது நறுக்கென்ற கடி. இரண்டும் ஒன்றல்ல. ஈரம் வற்றிய பண்டம் உடையும்போது வரும் ஓசைக்குத்தான் மொறுமொறுப்பு என்று பெயர். கேரட்டின் எடையில் 88 விழுக்காடு தண்ணீர். சிப்ஸுக்கு ஏங்கும் நாக்கைக் கேரட்டைக் காட்டிச் சமாதானப்படுத்துவது, பலாச்சுளை கேட்ட பிள்ளைக்குப் பலாக்கொட்டையைக் கொடுப்பது போன்றது. பலாக்கொட்டையும் நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்?

மேலும் வருபவர்களில் பல்செட் கட்டியவர்கள் இருப்பார்கள். பச்சை நூல்கோலை அவர்கள் எப்படிக் கடிப்பார்கள்? நம் வீடுகளில் இதற்கு எப்போதும் ஒரு விடை இருந்திருக்கிறது: எண்ணெயில் பொரிக்காமல் தணலிலோ அடுப்புத் தீயிலோ சுட்ட உளுந்து அப்பளம். கையால் ஒடித்து அப்படியே கொத்சை அள்ளலாம். உளுந்தின் புரதம் இருக்கிறது, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. கூடவே கம்பு மாவையும் உளுந்து மாவையும் எள், ஓமம் சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தட்டி ஓவனில் சுட்டால், தட்டை போலவே வரும்.

உப்பளம் வாசகி:
எண்ணெய் இல்லை என்பதோடு நிறுத்திவிட்டீர்கள், உப்பைச் சொல்லவில்லை. அப்பள மாவில் உப்பும் அப்பளக்காரமும் சேர்கின்றன. இரண்டிலும் சோடியம் உண்டு, தீயில் சுட்டால் எதுவும் ஆவியாகிப் போவதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் 100 கிராம் அப்பளத்துக்குச் சோடியம் ஏறத்தாழ 1,700 மில்லிகிராம் என்று இருக்கிறது. உருளைக்கிழங்கு சிப்ஸில் பெரும்பாலும் 500 மில்லிகிராமைச் சுற்றித்தான் இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் அப்பளம் மும்மடங்கு உப்பு. வருபவர்களில் மூவருக்கு இரத்தக் கொதிப்பு என்று ஐயா முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார்.

பலாமரத்தடி:
100 கிராம் அப்பளம் என்றால் பன்னிரண்டு அப்பளம். அதைத் தனியாளாக யார் தின்கிறார்கள்? ஓர் அப்பளம் எட்டு கிராம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு அப்பளத்தில் 270 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள், அதாவது ஐந்து கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிப்ஸ் பொட்டலத்தில் கைவிட்டவர் எத்தனை கிராம் தின்றார் என்பது அவருக்கே தெரியாது, அப்பளத்தை எண்ணிவிடலாம். உப்பைக் குறைக்க வேண்டுமானால் கொத்சிலும் ஹம்மஸிலும் குறைப்பதே எளிது. அப்பளத்திலேயே உப்பு இருப்பதால் தொடுகறி சப்பென்று தெரியாது.

உப்பளம் வாசகி:
தொடுகறியில் உப்பைக் குறைக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அப்படிக் குறைத்த தொடுகறியோடு கேரட்டை வைத்தால் என்ன குறைந்துவிடும் என்பதற்கு இன்னும் விடை வரவில்லை. பல்செட் கட்டியவர்களுக்குப் பிஞ்சு பீன்ஸையும் கேரட்டையும் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றினால் போதும், மென்மையாகும், குழையாது.

தேவனாம்பட்டினம் அலை (கடலூர்):
ஓர் ஏர்ஃபிரையர் வாங்கிவிட்டால் இந்த வழக்கே இல்லையே. மெல்லிய கிழங்கு வறுவலை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் செய்யலாம். மாதம் ஒரு முறை கூடுவதற்கு இத்தனை கணக்கா? மயோனைஸையும் விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

நெல்லித்தோப்பு அடுமனை (புதுச்சேரி):
முப்பது ஆண்டுகள் ரொட்டி அடுப்பின் முன் நின்றவன் என்ற முறையில் சில செய்திகள்.

தம்பி சொன்ன ஏர்ஃபிரையர் எண்ணெயைக் குறைக்கும் என்பது உண்மை. ஆயினும் மாவுச்சத்துள்ள பண்டத்தை 120 டிகிரிக்கு மேல் வறளச் சூடாக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்தார்கள். பொரித்தாலும் சுட்டாலும் ஏர்ஃபிரையரில் வைத்தாலும் இதற்கு விலக்கில்லை. கிழங்கை நறுக்கியபின் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து வடித்துவிட்டு, பொன்னிறத்தோடு நிறுத்தினால் பெருமளவு குறையும். கருகலாகத் தின்பதுதான் சுவை என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அப்பளத்திலும் கருகிய இடத்தை ஒடித்துப் போட்டுவிடுவது நல்லது.

புதுச்சேரியில் இருந்துகொண்டு பாகெத்தை (நீளமான பிரெஞ்சு ரொட்டி) மறந்துவிட்டீர்களே என்பதுதான் என் குறை. முந்தைய நாள் ரொட்டியைக் கால் அங்குலக் கனத்துக்குச் சாய்வாக வெட்டி, எண்ணெய் தடவாமல், 150 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். கெட்டி ஹம்மஸை உடையாமல் தாங்கும். முழுக்கோதுமை ரொட்டி கிடைத்தால் இன்னும் நன்று.

அடுத்ததுதான் முக்கியம். உங்கள் ஊரும் எங்கள் ஊரும் கடற்கரை. மாலையில் உப்புக்காற்று வீசத் தொடங்கியதும், திறந்த தட்டில் வைத்த அப்பளம் பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். எண்ணெயில் பொரித்த பண்டத்துக்கு எண்ணெயே ஓரளவு காப்பு. எண்ணெய் இல்லாமல் சுட்டதற்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே சுட்ட பண்டங்களை முழுதும் ஆறவிட்டு (சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்க்கும்) இறுக மூடும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். அப்பளத்தை முன்கூட்டிச் சுடவே கூடாது.

ஒரு தொடுகறி யோசனையும் சொல்லிவிடுகிறேன். நம் தாளிப்பு வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘வதூவான்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு போனார்கள். ஓர் உருண்டை வடகத்தை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சிவக்க வறுத்து, நொறுக்கி, துணியில் கட்டி நீர் வடித்த தயிரில் கலந்து பாருங்கள். மயோனைஸை யாரும் கேட்க மாட்டார்கள்.

உப்பளம் வாசகி:
வடகத் தயிரைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, ஐயா. ஆனால் மைதா ரொட்டியைச் சர்க்கரை நோயாளிகள் முன் வைப்பதை ஏற்க முடியவில்லை. எண்ணெய் தடவாவிட்டாலும் அது மைதாதான்.

மயோனைஸ் கேட்ட தம்பிக்கு: பச்சை முட்டையில் செய்த மயோனைஸின் தயாரிப்பையும் விற்பனையையும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது, சால்மோனெல்லா போன்ற கிருமிகள்தான் காரணம். அந்த ஆணை உங்கள் கடலூருக்குப் பொருந்தியது. புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி என்பதால் இங்கே செல்லவில்லை, ஆனால் கிருமிக்கு எல்லைச் சோதனைச்சாவடி தெரியாது. முட்டையில்லாத மயோனைஸிலும் பெரும்பகுதி எண்ணெய்தான். கேரட்டை மயோனைஸில் முக்கித் தின்பவர், சிப்ஸை வடகத் தயிரில் தொட்டுத் தின்பவரைக் கேலி செய்ய இடமில்லை.

பலாமரத்தடி:
கடைசி வரியில் என் பக்கம் ஓரடி வந்துவிட்டீர்கள்.

தேவனாம்பட்டினம் அலை:
பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, சுண்டல் எல்லாம் புரதம் நிறைந்தவைதானே, யாரும் ஏன் பேசவில்லை?

நெல்லித்தோப்பு அடுமனை:
அவற்றால் எதை அள்ளுவீர்கள், தம்பி? பொட்டுக்கடலையை அரைத்தால் தொடுகறியாகும். தொடும் கருவி ஆகாது.

கெடிலக்கரையான்:
அனைவருக்கும் நன்றி. நேற்று மாலைக் கூடல் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நூல்கோல், கேரட், வெள்ளரி, முள்ளங்கி, கொதிநீரில் காட்டிய பீன்ஸ் ஆகியவற்றை ஒரு தாம்பாளத்தில் அடுக்கினேன். கம்புத் தட்டையை முந்தைய நாளே சுட்டுச் சம்படத்தில் போட்டிருந்தேன். அப்பளத்தைச் சுட என் மைத்துனர் மாடியிலேயே சிறிய அடுப்போடு உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் நால்வரும் அவரைச் சுற்றியே நின்றார்கள், ஆளுக்கு இரண்டு என்ற கணக்கு அங்கே நிற்கவில்லை. பாகெத்துக்கு முழுக்கோதுமை கிடைக்காததால் வழக்கமான ரொட்டியையே கொஞ்சமாக வைத்தேன், சர்க்கரை உள்ள இருவரும் தாமாகவே தொடவில்லை.

நான் எதிர்பாராத ஒன்றையும் கண்டேன். எந்தப் பண்டம் நல்லது என்று இங்கே இத்தனை பேசினோம், எந்தத் தொடுகறிக்கு எது தாங்கும் என்று அடுமனை ஐயா ஒரு வரி சொன்னதோடு விட்டுவிட்டோம். ஹம்மஸைக் கெட்டியாக அரைத்துவிட்டதால் அப்பளம் அதில் குத்தியவுடன் உடைந்து உள்ளேயே கிடந்தது. அதற்கு நூல்கோல் துண்டும் சுட்ட ரொட்டியும்தான் சரி. ஹம்மஸைவிடத் தளர்வாக இருந்த கொத்சுக்கு அப்பளம் பொருந்தியது, ஈரமான வெள்ளரியில் கொத்சு ஒட்டவே இல்லை. வடகத் தயிருக்குக் கம்புத் தட்டை. முதலில் காலியானது அந்த இரண்டும்தான். வாசகி அம்மா வருந்தக் கூடாது, இரண்டாவதாகக் காலியானது நூல்கோல். இரத்தக் கொதிப்பு உள்ள மூவரும் தாம்பாளத்தின் பக்கமே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மனைவியரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பலாமரத்தடி:
அப்பளம் எத்தனை மீந்தது?

கெடிலக்கரையான்:
ஒன்றுகூட இல்லை. முள்ளங்கி பாதிக்கு மேல் மீந்து, இன்று சாம்பாருக்குப் போயிற்று.

உப்பளம் வாசகி:
முள்ளங்கியை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டீர்களா? போட்டிருந்தால் அதன் காரம் குறைந்திருக்கும்.

கெடிலக்கரையான்:
போடவில்லை, அம்மா. ஐஸ் முழுவதும் பிள்ளைகளின் எலுமிச்சைச் சாற்றுக்குப் போய்விட்டது.