காசல்ரீயில் பழகியவன் நிலாவெளிக் கடலில் தனியாகக் கயாக் ஓட்டலாமா?

நோர்வூட்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். மாமா ஒருவர் வெளிநாடு போகும்போது தன் பழைய பிளாஸ்டிக் கயாக்கை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை, மூன்று மீற்றர் வரும், கடும் பச்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் அதிலேதான் என் பொழுது போகிறது. நீந்தத் தெரியும், ஆனால் ரொம்பத் தூரம் நீந்துவேன் என்று சொல்ல முடியாது.

இப்போது ஆசை கடல் பக்கம் போய்விட்டது. ஆகஸ்டில் குடும்பத்தோடு திருகோணமலை போகிறோம், சித்தப்பா லொறியில் கயாக்கை ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். உப்புவெளியில் இறக்கி கரையோரமாக நிலாவெளி வரை போய், முடிந்தால் புறாத்தீவையும் ஒரு சுற்றுச் சுற்றி வர யோசனை. தனியாகத்தான். கூட வர ஆள் இல்லை என்பது ஒரு காரணம், ஆனால் ஆள் கிடைத்தாலும் தனியாகப் போகத்தான் எனக்குப் பிடிக்கும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இது புரியும், பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கிற இடத்தில் இருந்துவிட்டு, தண்ணீர் மேல் போனால்தான் யாருமில்லாத இடம் என்று ஒன்று கிடைக்கிறது.

லைஃப் ஜாக்கெட், கடலில் பேசுகிற வி.எச்.எஃப். வானொலி, ஹெல்மெட், துடுப்புக்குக் கயிறு என்று யூடியூப்பில் பட்டியல் நீளமாக இருக்கிறது, தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட் உடுப்பு வேறு சொல்கிறார்கள். எல்லாம் வாங்கக் கையில் காசில்லை, எதை முதலில் வாங்குவது? அப்புறம் இன்னொன்று. அம்மா விடவே மாட்டேன் என்கிறார். தனியாகக் கடலுக்குப் போவது அவ்வளவு பொறுப்பில்லாத வேலையா?

கச்சான்_காத்து

தம்பி, நான் திருகோணமலை. சாமானைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் அமைதி என்று ஹோட்டல்காரர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது கரையில் குளிக்கிறவர்களுக்கான செய்தி. அந்த மாதங்களில் தென்மேல் பருவக்காற்று உங்கள் மலையில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று என்பதால் கரையோரத்தில் அலை எழும்பாது, கரையில் நின்று பார்க்கிறவனுக்குக் கடல் படுத்துக் கிடக்கிற மாதிரித்தான் தெரியும். மரமும் கட்டடமும் மறைக்கிற இடத்தைத் தாண்டி வெளியே போன பிறகுதான் காற்று முதுகில் ஏறும். போகும்போது சுகமாக இருக்கும், துடுப்பே போட வேண்டாம். திரும்பினால் தெரியும். உங்களிடம் இருக்கிற மாதிரிக் கயாக்கில் சாதாரண ஆள் மணிக்கு நாலைந்து கிலோமீற்றர் போவான், எதிரே முப்பது கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால் நின்ற இடத்தில் நிற்பதே பெரிய காரியம். அந்தப் பக்கம் அடுத்த தரை நிக்கோபார் தீவுகள். சில நாள் மத்தியானத்துக்குப் பிறகு கடல்காற்று எழும்பி இதை அடக்கிவிடும், சில நாள் அடக்காது. அதை நம்பி இறங்காதீர்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் தினமும் கடற்பிரதேசங்களுக்கான அறிக்கை போடுகிறது, அதில் திருகோணமலை ஊடாக வருகிற பகுதியைப் பாருங்கள். காற்றின் திசையும் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதும் இருக்கும். எச்சரிக்கை இல்லை என்றால் போகலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது ஆழ்கடல் வள்ளங்களையும் மனதில் வைத்து எழுதுவது. தரைப் பக்கத்திலிருந்து இருபதுக்கு மேல் என்றால் உங்கள் கயாக் மணலிலேயே கிடக்கட்டும்.

புறாத்தீவு நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர் சொச்சம்தான். ஆனால் அது தேசிய பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் எடுக்காமல் இறங்க முடியாது. அந்த ஒரு கிலோமீற்றரில் காலை முழுக்க மோட்டார் படகு ஓடும். கடும் பச்சைக் கயாக் தண்ணீரில் தெரியவே தெரியாது, செம்மஞ்சள் துணியோ கொடியோ கட்டுங்கள். உட்கார்ந்திருக்கும் உங்கள் கண் நீர்மட்டத்திலிருந்து 80 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் மூன்று கிலோமீற்றர் சொச்சத்தோடு முடிந்துவிடும். நீங்கள் படகைப் பார்த்தாயிற்று என்பதால் படகுக்காரன் உங்களைப் பார்த்துவிட்டான் என்று ஆகாது.

விடியற்காலையில் கரைவலை இழுப்பார்கள். வலையும் கயிறும் கரையிலிருந்து வெகு தூரம் வெளியே போயிருக்கும், கரையில் நிற்கிறவர்களிடம் கேட்டுவிட்டுத் தாண்டுங்கள். கேட்காமல் போய் வலையில் மாட்டினால் நான் பொறுப்பில்லை, ஏச்சு நல்லா விழும்.

வெள்ளைத்தண்ணி

கிதுல்கலையில் ராஃப்டிங் வழிகாட்டி. உங்கள் காசல்ரீத் தண்ணீர்தான் மின்நிலையங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு எங்களிடம் வருகிறது, அந்த உரிமையில் எழுதுகிறேன் சகோ.

டிரைசூட்டை மறந்துவிடுங்கள். அது ஸ்கொட்லாந்து, கனடாவில் உறைகிற தண்ணீரில் ஓட்டுகிறவர்களுக்கு. நம் கடல் 28 பாகை அளவில் இருக்கும், அங்கே உங்களைத் தளர வைப்பது வெயிலும் தாகமும்தான். நீண்ட கை உடுப்பு, கழுத்தை மூடுகிற தொப்பி, நிறையத் தண்ணீர். மலைக் குளிரில் பழகியவர்கள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

காசு போட வேண்டிய முதல் சாமான் லைஃப் ஜாக்கெட். படகுச் சவாரியில் கொடுக்கிற கட்டை கட்டையான செம்மஞ்சள் சாமான் வேண்டாம், தண்ணீரில் விழுந்தால் அது தாடைக்கு ஏறி உங்களைத் துடுப்புப் போடவும் விடாது, திரும்பி ஏறவும் விடாது. துடுப்புப் போடுகிறவர்களுக்கென்று 50 நியூட்டன் மிதப்பு உள்ளது வருகிறது, கை அசைய இடம் இருக்கும், இடுப்பில் இறுக்கலாம். 100, 150 நியூட்டன் வகை மயங்கிய ஆளையும் முகம் மேலே வருகிற மாதிரித் திருப்புவதற்கென்று செய்தது, 50 அதைச் செய்யும் என்று நம்ப முடியாது. தனியாகப் போகிறவனுக்கு எது நல்லது என்று எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. என் கட்சி 50, ஏனென்றால் சீக்கிரமாகத் திரும்பி ஏறினால்தான் மயங்குகிற நிலை வராமல் இருக்கும். எதை வாங்கினாலும் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் கட்டி வைப்பதற்கு அது சாமான் பை இல்லை.

இரண்டாவதுக்குக் காசே வேண்டாம். கவிழ்ந்த பிறகு ஏறுவது. கயாக்கை நிமிர்த்தி, பக்கவாட்டில் வயிற்றால் படுத்து, காலை உதைத்து மேலே இழுத்து, புரண்டு உட்கார வேண்டும். அமைதியான தண்ணீரில் ஒரு தரம் ஏறிவிட்டு வந்து தெரியும் என்று சொல்லாதீர்கள், காற்றடிக்கிற நேரத்தில், களைத்த பிறகு, துடுப்பைக் கையிலிருந்து விடாமல் ஏற வேண்டும். இது வரவில்லை என்றால் மிச்சச் சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை, கடலுக்கே போக வேண்டாம்.

அப்புறம் கயிறு, துடுப்புக்கு இல்லை, ஆளையும் கயாக்கையும் சேர்த்துக் கட்டுவது. எங்கள் ஆற்றில் உடம்பில் கயிறு கட்டுகிறவனை இறக்கவே மாட்டோம், பாறையிலோ மரத்திலோ சிக்கினால் தண்ணீர் அவனை அங்கேயே அமுக்கிவிடும். அதனால் கயிறு வேண்டாம் என்பேன்.

கச்சான்_காத்து

கயிறு விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. ஆறு வேறு, கடல் வேறு. கச்சானில் கவிழ்ந்து கயாக் கையை விட்டுப் போனால், காலியான கயாக் காற்றோடு ஓடுகிற வேகத்துக்கு யாராலும் நீந்திப் பிடிக்க முடியாது. கூட ஆள் இருந்தால் அவன் துரத்திப் பிடித்துக் கொடுப்பான், தனியாகப் போகிறவனுக்கு அந்த ஆள் கயிறுதான். திறந்த கடலில் கட்ட வேண்டும், ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய இடுப்புப் பட்டியோடு. கரையில் அலை உடைகிற இடத்தில் இறங்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும், அங்கே கயிறு சுற்றினால் ஆபத்து.

வெள்ளைத்தண்ணி

சரி, கழற்றுகிற பட்டி என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. கழற்றுவதையும் தலைகீழாகத் தண்ணீருக்குள் இருந்து பழகட்டும்.

பழைய_மஸ்கெலியா

பழகுகிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காசல்ரீ ஆனாலும் எங்கள் மவுசாகலை ஆனாலும் அது குளம் இல்லை, மின் உற்பத்திக்காகத் தேக்கிய தண்ணீர். மட்டம் ஏறும், இறங்கும். மவுசாகலைக்குள் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது, வரட்சியில் கோயிலும் மற்ற வணக்கத் தலங்களும் மேலே தெரியும், தண்ணீர் பாதி ஏறியிருக்கும்போது அவை கண்ணுக்குத் தெரியாமல் கீழே நிற்கும். தலைகீழாகக் கவிழ்ந்து பழகுகிற ஆள், அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் பழக வேண்டும். அணைக்கட்டுப் பக்கமும் தண்ணீர் உள்ளே எடுக்கிற இடத்துப் பக்கமும் போகவே கூடாது, அணை நிரம்பி வான் பாய்கிற நாட்களில் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

ஜூன், ஜூலையில் நம் பக்கம் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும். வெள்ளைத்தண்ணி சொன்ன பயிற்சிக்கு அந்தக் காற்று நல்லதுதான், ஆனால் தண்ணீர் குளிர். ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறோம், நனைந்து காற்றில் நின்றால் கொஞ்ச நேரத்தில் விரல் மடங்காது. கரையில் ஒரு ஆளும் மாற்றுடுப்பும் இருக்கட்டும். மார்ச், ஏப்ரலில் என்றால் பின்னேரம் இடி மின்னல், மத்தியானத்துக்கு முன்னாலேயே கரை ஏறிவிட வேண்டும்.

லிந்துலை_அக்கா

சாமான் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், அம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

நான் தாதியாக வேலை செய்தவள், இப்போது ஓய்வு. தம்பி, தனியாகப் போவது உங்கள் விருப்பம் என்று சொல்வது சுலபம். அண்ட்ரூ மெக்கோலி என்று அவுஸ்திரேலியக்காரர் ஒருவர், 2007-இல் டாஸ்மன் கடலைத் தனியாகக் கயாக்கில் கடந்து நியூசிலாந்துக் கரைக்கு மிகக் கிட்டே வந்து காணாமல் போனார். கயாக் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. உங்களை விடப் பல மடங்கு அனுபவமும் சாமானும் உள்ள ஆள். மனைவியும் சின்னப் பையனும் இருந்தார்கள். போகிறவர் தன் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. நம் பக்கம் என்றால் தேடி வருவது கடற்படை மட்டுமில்லை, அன்றைய தொழிலை விட்டுவிட்டு மீன்பிடிக்காரரும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அவர்களுடைய எண்ணெய்க் காசை யார் கொடுப்பது? அம்மா பயப்படுகிறார் என்று சிரிக்காதீர்கள்.

வெள்ளைத்தண்ணி

அக்கா, அது திறந்த சமுத்திரத்தை வாரக்கணக்கில் கடக்கிற பயணம். இது கரையோரம் பத்துக் கிலோமீற்றர் சொச்சம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தனியாகப் போகாதே என்று ஒரேயடியாகச் சொன்னால் பையன்கள் கேட்கப் போவதில்லை, சொல்லாமல் போவார்கள், அதுதான் கூடிய ஆபத்து. கூட்டமாகப் போனாலும் யாருக்கும் மீட்கத் தெரியாது என்றால் நாலு பேர் ஒன்றாக மாட்டுவார்கள், அவ்வளவுதான்.

லிந்துலை_அக்கா

ஒரே தட்டில் வைக்கவில்லை. பத்துக் கிலோமீற்றரும் கச்சானில் சமுத்திரம் ஆகிவிடும் என்று இதே திரியில்தானே மேலே எழுதியிருக்கிறது.

நோர்வூட்_பையன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நான் சிரிக்கவில்லை, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்தே காட்டினேன். "அந்த அக்காவுக்கு நம்பர் இருந்தா வாங்கு" என்கிறார்.

உப்புவெளி - நிலாவெளி யோசனையை இந்த ஆகஸ்டில் விட்டுவிடுகிறேன். ஆனால் கயாக்கைக் கொண்டுபோகத்தான் போகிறேன். நிலாவெளியில் காலை நேரத்தில், இடுப்பளவு தண்ணீரை விட்டுக் கொஞ்சம் வெளியே, கரைக்குச் சமாந்தரமாக மட்டும். சித்தப்பா கரையில் இருப்பார். இதற்கும் வானொலி வேண்டுமா? அப்புறம் என் கயாக்கில் முன்னால் ஒரு மூடி இருக்கிறது, அதன் ரப்பர் வெடித்திருக்கிறது, இறுக்கி மூடினால் போதுமா?

கச்சான்_காத்து

அந்த மூடியை முதலில் பாருங்கள், வானொலியை விட அது அவசரம். உங்கள் வகைக் கயாக்கில் பெரும்பாலும் உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது, முழுக்க ஒரே வெற்றிடம். வெடித்த ரப்பர் வழியாக ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் போகும், மேலே இருக்கிறவனுக்குத் தெரியாது, கயாக் ஏன் இப்படி ஆடுகிறது என்று யோசிக்கும்போது பாதி நிறைந்திருக்கும். அந்த நிலையில் கவிழ்ந்தால் ஏறி உட்கார முடியாது, ஏறினாலும் திரும்பக் கவிழும். ரப்பரை மாற்றுங்கள். அத்தோடு வெற்றுச் சோடாப் போத்தல்களை மூடி இறுக்கி, உள்ளே ஆடாதபடி முன்னும் பின்னும் அடைத்துவிடுங்கள், தண்ணீர் போனாலும் அவ்வளவு இடம் அதற்குக் கிடைக்காது.

வானொலி இப்போதைக்கு வேண்டாம். கை வானொலி 5 வாட், அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் கூப்பிடலாம், ஆனால் நீர்மட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பேசினால் அதிக தூரம் எட்டாது, அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் எடுக்க வேண்டும். கரைக்குக் கிட்ட போன் போதும். தண்ணீர் புகாத உறையில், லைஃப் ஜாக்கெட்டோடு கட்டி. ஈர விரலுக்குத் திரை வேலை செய்யாது, அதனால் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் அவசர அழைப்புப் போகிற மாதிரி வைத்துப் பழகுங்கள். ஒரு விசில் தோளில். சித்தப்பாவிடம் பத்து மணி என்று சொன்னால் பத்து மணி, பத்தரைக்கு நீங்கள் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்: முதலில் பக்கத்து வள்ளக்காரர், அதே நேரம் பொலிஸ் அவசர இலக்கம் 119. வள்ளக்காரர் ஒருவருடைய நம்பரை முதல் நாளே வாங்கி வையுங்கள், அவருக்கு எண்ணெய்க் காசு கொடுப்போம் என்றும் சொல்லி வையுங்கள், அக்கா கேட்டது நியாயம்தான்.

எந்தக் கிழமை வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் அந்தப் பக்கம்தான். காற்று எப்படி என்று காலை ஐந்தரைக்குப் பார்த்து எழுதுகிறேன்.

லிந்துலை_அக்கா

நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், அம்மாவிடம் கொடுங்கள். ஹெல்மெட் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

வெள்ளைத்தண்ணி

மணற்கரை, அலை இல்லை என்றால் தேவையில்லை. புறாத்தீவு மாதிரிக் கல்லும் பவளப்பாறையும் உள்ள இடத்துக்குப் போகும் நாளில் கட்டாயம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுபோகாதீர்கள், அப்படியும் ஆட்கள் வந்திருக்கிறார்கள்.