பழைய கார் வாங்கினேன்: தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் போதுமா? சித்தூருக்குப் போனால் வேறு சட்டமா?

காட்பாடிவாசி:
வணக்கம். சென்ற மாதம் இராணிப்பேட்டையில் 1,197 சிசி பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். பதிவுச் சான்றான ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. பாலிசி மட்டும் விற்றவர் பெயரிலேயே இருக்கிறது, அதுவும் இரண்டு மாதத்தில் முடிகிறது. தொழில் காரணமாக வாரம் மூன்று நாள் ஆந்திராவின் சித்தூர் சென்று வருகிறேன். கலிபோர்னியாவில் உள்ள என் மைத்துனர், அங்கே குறைந்தபட்சக் காப்பீட்டை ஒவ்வொரு மாநிலமும் தனியே வகுப்பதாகவும், அவர்கள் மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒருவரின் காயத்துக்கான தொகை 15,000 டாலரிலிருந்து 30,000 ஆக உயர்ந்ததாகவும் கூறினார். மாநில எல்லையிலுள்ள கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் எனக்கும் வேறு விதி பொருந்துமா? முகவர் ஒருவர், நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைக் குறிப்பிட்டு, "தேர்ட் பார்ட்டி போட்டால் போதும், போலீஸ் கேட்பது அதைத்தான்" என்கிறார்.

சத்துவாச்சாரி:
எல்லையைப் பற்றிக் கவலை வேண்டாம். இது மத்திய அரசின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 146ஆம் பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டை நாடு முழுவதும் கட்டாயமாக்குகிறது. அமெரிக்காவைப் போல உயிருக்கும் காயத்துக்கும் இங்கே தொகை வரம்பு கிடையாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு விதிக்கிறதோ அவ்வளவையும் நிறுவனம் தரவேண்டும். பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்குத்தான் கார் பாலிசியில் 7.5 லட்சம் என்ற வரம்பு உண்டு. 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு 2022 ஜூன் 1 முதல் அறிவிக்கப்பட்ட ஆண்டுப் பிரீமியம் 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. காப்பீடு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000.

ஆனால் உங்களுக்கு அவசரமானது பெயர் மாற்றம். 157ஆம் பிரிவின்படி கார் கைமாறும்போது மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும். இருந்தாலும் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படித் தானாக மாறாது என்பதை உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. 15 லட்ச ரூபாய் உரிமையாளர் விபத்துப் பாதுகாப்பும் பாலிசியில் பெயர் உள்ளவருக்கே உரியது. இன்றைக்கு அது விற்றவருக்கும் பயன்படாது, உங்களுக்கும் பயன்படாது.

குடியாத்தம் வாசகர்:
முகவர் சொன்னது போலீசுக்குச் சரி, வண்டிக்குள் இருப்பவர்களுக்குச் சரியில்லை. என் சித்தப்பா கிரிவலத்துக்காகக் குடும்பத்தோடு திருவண்ணாமலை சென்றபோது, கண்ணமங்கலம் அருகே கார் புளியமரத்தில் மோதியது; எதிரே வேறு வண்டி எதுவும் இல்லை. பின்னிருக்கையில் இருந்த சித்திக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பாலிசி உயிரோடுதான் இருந்தது, ஆனால் அது வெறும் தேர்ட் பார்ட்டி. சொந்தக் காரில் கட்டணமின்றி வரும் உறவினரைச் சட்டம் கட்டாயமாக்கிய பாதுகாப்பு உள்ளடக்காது என்று நிறுவனம் கைவிரித்தது. நீதிமன்றத் தீர்ப்புகளும் அப்படித்தான் இருக்கின்றன என்று வழக்கறிஞர் விளக்கிய பிறகே எங்களுக்கு அது புரிந்தது. நாம் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் அவர்களும் அடங்குவார்கள்.

பாலாற்றங்கரை:
பத்து வயதான காருக்கு ஃபுல் போடுவது வீண் என்பது என் கருத்து. சந்தை மதிப்பே குறைந்துபோன வண்டிக்கு, அதன் சொந்தச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் எதற்கு? தேர்ட் பார்ட்டியோடு பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துப் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆளுக்கு இரண்டு லட்சம் வரை கிடைக்கும்.

குடியாத்தம் வாசகர்:
கிடைக்கும், ஆனால் அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், மருத்துவமனைச் செலவுக்கு அன்று. சித்திக்கு வந்தது மருத்துவமனைச் செலவு.

காட்பாடிவாசி:
நன்றி. அம்மாவையும் பிள்ளைகளையும் அடிக்கடி அழைத்துச் செல்பவன் என்பதால் பேக்கேஜ் எடுக்கவே தீர்மானித்திருக்கிறேன். விற்றவருக்கு, இழப்பீடு கோராமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடியாக 45 விழுக்காடு நோ கிளைம் போனஸ் இருந்தது. அது காரோடு எனக்கு வருமா?

சத்துவாச்சாரி:
வராது. அந்தச் சலுகை ஆளுக்கு உரியது, வண்டிக்கு அன்று; அதை அவர் தம் அடுத்த காருக்கு எடுத்துச் செல்வார். இப்போதுள்ள பாலிசியில் பெயரை மாற்றும்போதே, மீதமுள்ள நாளுக்கு அந்தத் தள்ளுபடித் தொகையை நிறுவனம் உங்களிடம் கேட்கும். கட்டிவிடுங்கள்.