அட்லாண்டா வெஸ்ட் எண்டில் வளர்ந்த தமிழர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

சேலத்துக்காரன்:
வேலை மாற்றலாகி அடுத்த மாதம் குடும்பத்தோடு அட்லாண்டாவுக்கு வருகிறேன். வெஸ்ட் எண்டில் ஒரு வீட்டைப் படத்தில் பார்த்தோம், பிடித்திருக்கிறது. அங்குள்ள தமிழ் நண்பர்களோ, "அது கறுப்பர்கள் பகுதி, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே போகாதே" என்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவரும் அங்கே குடியிருந்ததில்லை. இருந்தவர்கள் சொல்லுங்கள்.

திண்ணைப்பெண்:
நான் வளர்ந்தது அங்கேதான். அப்பாவுக்குப் பக்கத்திலிருந்த கறுப்பினத்தவர் கல்லூரி ஒன்றில் கணித ஆசிரியர் வேலை. 1972-இல் வந்தோம், எனக்கு ஐந்து வயது. இன்றைய வாடகை, பள்ளி நிலவரமெல்லாம் இப்போது அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். உங்கள் நண்பர்கள் சொன்ன காரணத்துக்கு மட்டும் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு முன்திண்ணை உண்டு. சனிக்கிழமை மாலை எதிர்வீட்டு அம்மாள் படியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே மகளை இருத்தி, சீப்பு நுனியால் வகிடெடுத்து, எண்ணெய் தொட்டு, மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னுவார். இந்தப் பக்கத் திண்ணையில் அம்மா எனக்குப் பின்னிக்கொண்டிருப்பார். எனக்கும் அந்த வரிப்பின்னல்தான் வேண்டும் என்று ஒருநாள் அடம்பிடித்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பின்னிவிட்டார். தேங்காய் எண்ணெய் ஊறிய தலை அல்லவா, இரவுச் சாப்பாட்டுக்குள் அத்தனையும் வழுக்கி அவிழ்ந்துவிட்டது. மறுநாள் தேவாலயத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் என்னைக் கூப்பிட்டு, மறுபடி பின்னி, நுனிகளில் நூல் சுற்றிவிட்டுத்தான் போனார்.

அவர் கொல்லையில் வெண்டைக்காய் காய்க்கும். அது ஆப்பிரிக்காவிலிருந்து தம் முன்னோரோடு வந்தது என்று அவர் சொன்னபோது அம்மா நம்பவில்லை, நம் ஊர்க் காய் என்றே நினைத்திருந்தார். அதன்பின் வாரம் ஒருநாள் எங்கள் புளிக்குழம்பு அங்கே போகும், அவருடைய சோளரொட்டி இங்கே வரும்.

அந்த அம்மாள் படித்தது புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில். அட்லாண்டாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1924-இல் திறந்த முதல் அரசு உயர்நிலைப் பள்ளி அது. மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கே படித்தவர். பள்ளிப் பெயரைச் சொல்லும்போதே அவருக்கு முதுகு நிமிரும். 1974 ஜனவரியில் மேனார்ட் ஜாக்சன் அந்நகரின் முதல் கறுப்பின மேயராகப் பதவியேற்றார். எங்கள் வகுப்பில் மேயராகப் போவது யார் என்று ஆசிரியை கேட்டால் எல்லாக் கையும் உயரும், என் கையும்தான்.

அதே ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி அட்லாண்டா பேஸ்பால் அணியின் கறுப்பின ஆட்டக்காரர் ஹாங்க் ஆரன் 715-ஆவது ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் போல, பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது) அடித்து, வெள்ளை இன ஆட்டக்காரர் பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தார். எதிர்வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் தெருவே கூடியிருந்தது. பந்து வேலியைத் தாண்டியதும் கூரை அதிரக் கத்தினோம். மூலையில் நின்ற தபால்காரர் மட்டும் அழுதுகொண்டிருந்தார். ஜெயித்ததற்கு ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டேன். "கொன்றுவிடுவோம் என்று அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள் அம்மா. அதையும் படித்துவிட்டு வந்து நின்று அடித்திருக்கிறார்" என்றார்.

வழிப்போக்கன்:
1979 முதல் 1981 வரை குழந்தைகள் கொலையானதும் இதே நகரில்தானே? அதையும் சொல்ல வேண்டாமா?

திண்ணைப்பெண்:
சொல்லத்தான் வேண்டும். அது தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இறந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கறுப்பினப் பிள்ளைகள். இருட்டிய பிறகு பிள்ளைகள் வெளியே வரக்கூடாது என்று நகரில் ஊரடங்கு போட்டார்கள். எங்களை உள்ளே அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் திண்ணையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தபால்காரர் தினமும் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, எட்டுப் பிள்ளைகளை எண்ணி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார். எட்டாவது ஆள் நான். என் பெயர் கடைசிவரை அவர் வாயில் நுழையவில்லை.

சேலத்துக்காரன்:
மனைவிக்கும் படித்துக் காட்டினேன் அக்கா. வந்ததும் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்க்கிறோம்.

திண்ணைப்பெண்:
தெருப்பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தாலும் நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள் தம்பி. அந்த நாளில் நான் பேசாமல் கடந்து போனால் எதிர்வீட்டு அம்மாள் என்னைத் திரும்ப வரச்சொல்லி வணக்கம் சொல்லவைப்பார்.