தப்பு என்னோடது, பழி மாஸ்டர் மேல போயிடுச்சு.. இப்ப என்ன பண்றது?

பின்னல்நூல்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரெண்டு வாரமா தூக்கம் சரியில்ல, வீட்லயும் சொல்ல முடியல, அதான் இங்க எழுதறேன். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா (பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல ஆர்டர பாத்துக்கற வேலை) இருக்கேன், நாலு வருஷமாச்சு. போன மாசம் ஒரு டீ ஷர்ட் ஆர்டர், 2400 பீஸ். டையிங்ல இருந்து புது லாட் துணி வந்தப்ப ஷ்ரிங்கேஜ் ரிப்போர்ட் எனக்குத்தான் மெயில்ல வந்துச்சு. பழைய லாட் நீளத்துல 4 சதவீதம் சுருங்கும், இது 8. மெயிலை தொறந்தேன், பாத்தேன், அந்த நேரம் பையர்கிட்ட இருந்து போன், பேசி முடிச்சுட்டு சொல்லிக்கலாம்னு விட்டது அப்படியே போயிடுச்சு. கட்டிங் மாஸ்டர் பழைய பேட்டர்ன்லயே எம் சைஸுக்கு 73 செ.மீ வெச்சு வெட்டிட்டாரு. தச்சு வாஷ் பண்ணி அளந்தா 70 வரவேண்டியது 67 வருது. எல்லா சைஸும் இதே கதைதான்.

எம்டி ரூம்ல மீட்டிங். "யாரு பாக்காம விட்டது?"ன்னு கேட்டாரு. நான் யோசிக்கவே இல்லைங்க, "மாஸ்டர்கிட்ட சொல்லியிருந்தேனே சார்"னு வாய்ல வந்துடுச்சு. மாஸ்டர் அந்த ரூம்லயே இல்ல. கீழ டேபிள்ல துணி விரிச்சுட்டு இருந்தாரு. அப்பறம் கூப்பிட்டு கேட்டப்ப அவர் சண்டை கூட போடல, என் மூஞ்சிய பாத்து "ஞாபகம் இல்லியேம்மா.. நீங்க சொல்லியிருப்பீங்க, நான்தான் மறந்துட்டேன் போல"ன்னாரு. ரெண்டு வார சம்பளம் பிடிச்சாங்க. அடுத்த சனிக்கிழமை கணக்கு முடிச்சுட்டு வேற கம்பெனிக்கு போயிட்டாரு. நான் வேலைக்கு சேந்த புதுசுல துணி எந்தப் பக்கம் இழுக்கும்னு கையில புடிச்சு காட்டி குடுத்தவர் அவர்தான்.

இன்னொன்னு சொல்லணும், இதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. மூணு நாள் கழிச்சு எனக்கே நிஜமாவே சொன்ன மாதிரி ஒரு நினைப்பு வர ஆரம்பிச்சுது, டீ குடிக்கற இடத்துல நின்னு சொன்னேன்னு காட்சி கூட வந்துச்சு. மெயிலை திரும்ப பாத்து, அன்னிக்கு மாஸ்டர் லீவுங்கறது தெரிஞ்சப்பறம்தான் அது பொய்னு உறைச்சுது. கூட வேலை செய்யற அக்கா ஒருத்தங்க, விடு, அவர் நம்பருக்கு ஜிபேல அந்த பணத்த அனுப்பிடுன்னு சொல்றாங்க. அப்படி பண்ணா போதுமா? ஒரு மனுஷனுக்கு ஏன் இப்படி வாய்ல வருது?

வைகைமணல்:

சகோதரி, கடைசில சொன்னீங்க பாருங்க, அதுக்கு மட்டும் பதில் சொல்றேன், நான் சைக்காலஜி படிச்சவன். நான் நல்லவ, நேர்மையானவங்கற எண்ணம் ஒரு பக்கம், நான் பொய் சொன்னேங்கற உண்மை ஒரு பக்கம், ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது. அந்த முரண்பாடு தர்ற அவஸ்தைய குறைக்கத்தான் மனசு கதைய மாத்தும்னு லியோன் ஃபெஸ்டிங்கர் 1957ல விளக்கமா எழுதினாரு. நடந்தத மாத்த முடியாது, அதனால ஞாபகத்த மாத்துது. நீங்க மெயிலை தேடிப் பாத்தீங்க, நிறைய பேரு பாக்கவே மாட்டாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த மாஸ்டர் கவனமில்லாத ஆளுன்னு மனசார நம்பிட்டு இருப்பாங்க.

கத்திரிமுனை:

நான் ஒரு கட்டிங் மாஸ்டரோட மகன். அதனால கொஞ்சம் சூடா எழுதினா மன்னிச்சுக்குங்க. பணத்த ஜிபேல போடறது தப்புங்க. அந்த ரெண்டு வார சம்பளம் அவருக்கு பெருசில்ல, பேரு போச்சே அதான் பெருசு. எங்கப்பா மேல இதே மாதிரி ஒரு பழி விழுந்துச்சு, அளவு தப்பா எழுதி குடுத்தது ஆபீஸ்ல, வெட்டினவன் தப்புன்னு முடிச்சாங்க. அதுக்கப்பறம் சாகற வரைக்கும் ஒவ்வொரு மார்க்கரையும் (துணி வெட்டறதுக்கு வரைஞ்சு வெக்கற அளவு) மூணு தடவ அளப்பாரு, வீட்ல அம்மா அரிசி அளந்து போட்டாக்கூட சரியா போட்டியான்னு கேப்பாரு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. நீங்க எந்த ரூம்ல பொய் சொன்னீங்களோ அதே ரூம்ல, கேட்ட அதே ஆளுங்க முன்னாடி, மெயிலை காட்டி மாத்தி சொல்லணும். தனியா போய் கால்ல விழுந்தாலும் அது உங்க மனசு ஆறத்தான், அவருக்கு ஒண்ணும் திரும்ப கெடைக்காது.

ஈஎம்ஐவாழ்க்கை:

எல்லாரும் ஈசியா சொல்றீங்க. அந்தப் பொண்ணுக்கு வேலை போனா யாரு பாத்துக்குவா? 2400 பீஸுக்கு நஷ்டத்த கழிச்சுக்கறேன்னு பையர் டெபிட் நோட் போட்டா எவ்வளவுன்னு தெரியுமா உங்களுக்கு? தப்ப ஒத்துக்கிட்டவன தூக்கி எறியற கம்பெனில யாரும் உண்மை சொல்ல மாட்டான், நானும் சொல்ல மாட்டேன். மொதல்ல முதலாளி மாறணும்.

ஹேங்கர்7:

மேல சொன்ன அண்ணன் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. நான் விமான மெயின்டனன்ஸ்ல இருக்கேன். எங்க வேலைல ஒரு ஸ்பேனர் கணக்குல குறைஞ்சா அது கிடைக்கற வரைக்கும் பிளேன நகர்த்தக்கூடாது. நான்தான் தொலைச்சேன்னு கைய தூக்கறவன திட்டினா அடுத்த தடவ எவனும் தூக்க மாட்டான், அது எஞ்சினுக்குள்ள கெடந்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. 1974 டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்கால வாஷிங்டன் பக்கத்துல டிடபிள்யூஏ கம்பெனியோட 514ங்கற விமானம் மலைல மோதி 92 பேரும் செத்தாங்க. கன்ட்ரோலர் சொன்ன அனுமதிய பைலட்டுங்க வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டு உயரத்த குறைச்சிட்டாங்க. இதுல கொடுமை என்னன்னா, அதுக்கு சில வாரம் முன்னாடி வேற கம்பெனி விமானம் ஒண்ணு அதே இடத்துல அதே குழப்பத்துல மயிரிழைல தப்பிச்சிருக்கு, அந்த பைலட்டுங்க தைரியமா சொல்லியும் இருக்காங்க, ஆனா சேதி அந்த கம்பெனிக்குள்ளயே நின்னுடுச்சு. அதுக்கப்பறம்தான் 1976ல நாசா பொறுப்புல ரகசியமா தப்ப சொல்ற ஒரு ஏற்பாடு வந்துச்சு, சொல்றவங்க பேரு வெளிய வராது. பயத்த குறைச்சாத்தான் உண்மை வரும், அது சரி. ஆனா பாதி நியாயம்னு ஏன் சொன்னேன்னா, முதலாளி மாறற வரைக்கும் மாஸ்டர் காத்துட்டு இருக்கணுமா?

மருதையாற்றங்கரை:

நான் அரியலூர். 1956 நவம்பர் 23 விடிகாலைல, மழை வெள்ளத்துல மருதையாத்து பாலம் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துல விழுந்துச்சு, 140 பேருக்கு மேல செத்தாங்க. எங்க தாத்தா ஓடிப்போய் தூக்கினவங்கள்ல ஒருத்தர், கடைசி வரைக்கும் மழை பெஞ்சா தூங்க மாட்டாரு. அப்ப ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அந்த பாலத்த அவர் கட்டல, அன்னிக்கு அந்த ரயில ஓட்டல, மழை மேல, இன்ஜினியர் மேல, யார் மேல வேணா போட்டிருக்கலாம். ராஜினாமா பண்ணிட்டாரு. கொஞ்ச மாசம் முன்னாடி மகபூப்நகர் விபத்துக்கே ராஜினாமா குடுத்து நேரு ஏத்துக்கல, இந்த தடவ ஏத்துக்கிட்டாரு. இத நான் பெருமைக்கு சொல்லல, எங்க ஊர்ல செத்தவங்க வீட்ல இதுனால யாரும் திரும்பி வரல. ஆனா எங்க தாத்தா அடிக்கடி ஒண்ணு சொல்வாரு, அந்த மனுஷன் எங்க மேல பழி போடல, ஸ்டேஷன்ல வேலை செஞ்ச சின்ன ஆளுங்கள மாட்டி விட்டுட்டு தான் தப்பிக்கலன்னு. கீழ இருக்கறவன் அதத்தான் பாக்கறான் தங்கச்சி. உங்க மாஸ்டரும் கீழ டேபிள்ல இருந்தவர்தானே.

பின்னல்நூல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கத்திரிமுனை அண்ணா, நீங்க எழுதினத படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன், கோவமெல்லாம் இல்ல.

திங்கக்கிழமை மீட்டிங்ல சொல்லிட்டேன். மெயில பிரிண்ட் எடுத்துட்டு போனேன், தேதி தெரியற மாதிரி. கை நடுங்குச்சு. எம்டி ரொம்ப நேரம் பேசல, அப்பறம் மாஸ்டர்கிட்ட பிடிச்சத உங்க சம்பளத்துல கழிச்சு அவருக்கு அனுப்பிடறோம்னு மட்டும் சொன்னாரு. வேலை இருக்குமா போகுமான்னு இன்னும் தெரியல. ஈஎம்ஐவாழ்க்கை அண்ணா, நீங்க கேட்டது நியாயமான கேள்விதான், எனக்கும் வீட்டு வாடகை இருக்கு, பயம் இன்னும் போகல.

சாயங்காலம் மாஸ்டருக்கு போன் பண்ணேன். எல்லாத்தையும் சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசல. அப்பறம் கேட்டாரு, "பணம் இருக்கட்டும்மா, கட்டிங்ல நம்ம பசங்க ரெண்டு பேரு ஹெல்பரா இருக்கானுங்களே, அவனுங்ககிட்ட சொன்னியா? என்கிட்ட தொழில் கத்துக்க வந்தவனுங்க"ன்னு. நான் சொல்லலைங்க, அவங்க ஞாபகமே எனக்கு வரல. "சரி, சொல்லிரு"ன்னுட்டு வெச்சுட்டாரு.

நாளைக்கு 11 மணி டீ டைம்ல கீழ போறேன்.