ஃபீஸ் பாக்கிக்காக டிசி தரமாட்டேன் என்கிறார்கள்: அரசுப் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

பேச்சிப்பாறை வாசி:
பக்கத்து வீட்டு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி குடும்பத்துக்காகக் கேட்கிறேன். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகணும். இளையவன் ஆறு முடித்து ஏழுக்கு. இருவரும் படித்தது சிறுபான்மை நிறுவனம் நடத்தும் ஒரு மெட்ரிக் பள்ளியில். மழையில் வெட்டு நின்றதால் இரண்டு டெர்ம் ஃபீஸ் பாக்கி. கட்டினால்தான் டிசி என்கிறார்கள். அரசுப் பள்ளியில் கேட்டால், டிசி இல்லாமல் எமிஸில் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் கணினித் தளம்) ஏற்ற முடியாது, வாங்கிட்டு வாங்க என்கிறார்கள். பள்ளி திறந்தாச்சு, பிள்ளைகள் வீட்டில். சிறுபான்மைப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்றும் ஒருவர் சொல்லிவிட்டார். யாரிடம் போவது, என்ன எழுதிக் கொடுப்பது?

மேல்புறம் டீச்சர்:
முதலில் இளையவன். பழைய பள்ளி வாசலில் நின்று மல்லுக்கட்ட வேண்டாம். நேராக அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் மேசைக்குப் போங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5: எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளைக்கு அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும் உரிமை உண்டு. டிசி வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. "டிசி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவது அந்தப் பிரிவுக்கு நேர் எதிரானது.

சிறுபான்மைப் பள்ளி விஷயம்: 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொன்னது உண்மை. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம் என்பதால் இந்தப் பதில் எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது. ஆனால் சேர்த்துக்கொள்ளும் கடமை அரசுப் பள்ளியுடையது, அது சிறுபான்மைப் பள்ளி அல்ல. பிள்ளை எங்கிருந்து வருகிறான் என்பதால் அந்தக் கடமை குறையாது. இந்த இடத்தில்தான் நிறைய பெற்றோர் வழிதவறி, மாதக்கணக்கில் பழைய பள்ளிக்கே நடக்கிறார்கள்.

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். இவ்வளவு போதும்:

"என் மகன் (பெயர், பிறந்த தேதி) ____ பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துள்ளான். மாற்றுச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5(3)-இன்படி அதற்காகக் காத்திராமல் ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளக் கோருகிறேன். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். கடைசி வரிதான் வேலை செய்யும். எழுத்தில் மறுக்க யாரும் துணிவதில்லை. கூடவே பழைய மதிப்பெண் அட்டை, ஆதார், பிறப்புச் சான்று நகல் வையுங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது, அது பிரிவு 14.

தக்கலை எமிஸ்:
டீச்சர் சொன்னது சரி. ஆனால் தலைமையாசிரியர் பயப்படுவது சட்டத்துக்கு அல்ல, கணினிக்கு. பழைய பள்ளி பிள்ளையின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்கு, அதாவது காமன் பூலுக்கு, விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். விடாமல் பிடித்து வைத்திருப்பார்கள். அப்போது புதுப் பள்ளி மாவட்ட எமிஸ் ஒருங்கிணைப்பாளருக்கு எழுத வேண்டும். அது நகரும்வரை பிள்ளை வகுப்பில் உட்காரட்டும், வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதட்டும்.

புது எமிஸ் எண் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது. ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் வந்தால் உதவித்தொகையிலும், பின்னால் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பெயர்ப்பட்டியலிலும் இழுபறி. பழைய எண் பெரும்பாலும் அடையாள அட்டையில் இருக்கும்.

பேச்சிப்பாறை வாசி:
ரொம்ப நன்றி டீச்சர், சார். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பாச்சே, அவளுக்கும் இதே பிரிவா?

குழித்துறை வக்கீல்:
இல்லை. அந்தச் சட்டம் எட்டோடு நிற்கிறது. அவளுக்குப் பிடி வேறு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி பற்றி எழுதவும் கூடாது என்று சொன்னது. சேர்க்கைக்கு டிசி கேட்டு வற்புறுத்தக் கூடாது எனப் பள்ளிகளுக்கு அறிவுறுத்தவும் அரசுக்கு உத்தரவிட்டது. மனுவில் சேர்க்கும் முன் மேல்முறையீடு ஏதும் உண்டா, இப்போதைய நிலை என்ன என்று ஒரு வக்கீலிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கான மனு மாவட்டக் கல்வி அலுவலருக்குப் போகட்டும். தனியார் பள்ளிகளுக்கென்று தனி அலுவலர் இருக்கிறார். நகல் நாகர்கோவில் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து, மனு எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாவிட்டால் அடுத்த வாரம் போய்க் கேட்க ஒன்றும் இருக்காது. 14417 கல்வி உதவி எண்ணிலும் பதியலாம்.

பாக்கி பற்றி: கட்ட வேண்டியதைக் கட்டத்தான் வேண்டும், அதற்குப் பள்ளி சிவில் வழியில் போகலாம். பிள்ளையின் சான்றிதழை அடகு வைக்கக் கூடாது. பேசப் போகும்போது ரசீதுகளைக் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக வாங்கியிருந்தால் 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அது குற்றம், பாக்கிக் கணக்கே மாறிவிடும். வெற்றுத்தாளிலோ கடன் பத்திரத்திலோ கையெழுத்துப் போட்டு டிசி வாங்காதீர்கள். தவணைக்கு ஒத்துக்கொண்டால் தொகையும் தேதியும் எழுதிய கடிதமாக மட்டும் கொடுங்கள்.

மேல்புறம் டீச்சர்:
ஒன்று விட்டுப்போச்சு. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பைத் தனியாரில் படித்ததால் இந்த இரண்டு பேருக்கும் அது கிடைக்காது. பெற்றோரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தம்பியின் மனுவை நாளைக் காலையே கொடுங்கள், அக்காளின் மனுவுக்காக அவன் காத்திருக்க வேண்டாம்.