யூனிட் டிரஸ்ட் ஆன்லைனில் வாங்கறதுக்கு எந்தத் தளத்தில் உண்மையிலேயே கட்டணம் குறைவு?

பால்மரம் (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கையில 10,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு, யூனிட் டிரஸ்ட்ல (பலரோட பணத்தைச் சேர்த்து முதலீடு பண்ற நிதி) போடலாம்னு இருக்கேன். மாசம் 200 வெள்ளி சேர்த்துப் போடலாம். பத்து வருஷத்துக்குத் தொட மாட்டேன். டவுன்ல ஏஜெண்ட் 5% விற்பனைக் கட்டணம் சொல்றாரு. ஒரு ஆன்லைன் தளத்துல 1.5%. இன்னொரு செயலியில விற்பனைக் கட்டணமே கிடையாது, வருஷத்துக்கு 0.8% எடுப்பாங்களாம். எதை எதோட ஒப்பிடுறதுன்னு தெரியல. கணக்குப் போட்டுக் காட்டுங்க.

கிராணி:
தம்பி, இந்த மூணு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்காதீங்க. 5%, 1.5% ரெண்டும் வாங்கும்போது மட்டும் போறது. 0.8% ஒவ்வொரு வருஷமும் போறது. இதுக்கெல்லாம் அடியில, விளம்பரத்துல வராத இன்னொண்ணு இருக்கு: நிதிக்குள்ளேயே கழியுற நிர்வாகக் கட்டணம். பங்கு நிதின்னா வருஷத்துக்கு 1.5% சாதாரணம், டிரஸ்டி (நிதியோட சொத்தைப் பாதுகாக்கிற நிறுவனம்) கட்டணம் தனி. இதுக்கு பில் வராது. தினமும் கணக்குப் பண்ணி யூனிட் விலையிலேயே கழிச்சிடுவாங்க. 10,000 வெள்ளிக்கு நாளுக்கு 41 காசு.

இப்ப கணக்கு. ஏஜெண்ட்கிட்ட 10,000 கொடுத்தா முதலீடாகிறது 9,523.81, கட்டணம் 476.19. ஆன்லைன் தளத்துல 9,852.22, கட்டணம் 147.78. ரெண்டுலயும் அதுக்கப்புறம் நிர்வாகமும் டிரஸ்டியும் சேர்த்து வருஷம் 1.56%னு வச்சுக்குவோம். விலை ஏறாம இறங்காம இருந்தா, அஞ்சு வருஷத்துல ஏஜெண்ட் வழியில சுமார் 1,220 வெள்ளி, ஆன்லைன்ல சுமார் 915 வெள்ளி போயிருக்கும்.

0.8% செயலியைப் பத்தி முடிவு சொல்லணும்னா, அது உங்க காசை எதுல போடுதுன்னு தெரியணும். இடிஎஃப்ல (பங்குச் சந்தையிலேயே வாங்கி விற்கிற நிதி) போட்டா அதோட சொந்தச் செலவு 0.2% மாதிரிதான் இருக்கும். மொத்தம் 1%, அஞ்சு வருஷத்துல 500 வெள்ளி. அதே 1.56% யூனிட் டிரஸ்ட்டை உள்ள வச்சு மேல 0.8% போட்டாங்கன்னா வருஷம் 2.36%. அங்க ‘விற்பனைக் கட்டணம் இல்லை’ங்கிற சலுகை ரெண்டு வருஷத்துக்குள்ளேயே தீர்ந்துடும், 1.5-ஐ 0.8-ஆல வகுத்துப் பாருங்க. பிறகு கிடக்கிற ஒவ்வொரு வருஷமும் நட்டம்தான்.

மாச 200க்கு 1.5% தளத்துல தடவைக்கு 2.96 வெள்ளி, வருஷத்துக்கு சுமார் 35. பணம் 50,000 ஆனாலும் அந்த 35 மாறாது. 0.8%னா அப்ப வருஷத்துக்கு 400. ஆரம்பத்துல இது கண்ணுக்கே தெரியாது, அதனாலதான் பலர் பார்க்காம விட்டுடுறாங்க.

செம்பனை_குளுவாங்:
கிராணி அண்ணன் சொன்னதோட ஒரு சோதனை. முதல்ல 1,000 வெள்ளி மட்டும் போடுங்க. வாங்குற நேரத்துல விலை தெரியாது, அன்னிக்கு முடிவு விலைதான் உங்களுக்கு. அறிக்கை வந்ததும் கிடைச்ச யூனிட்டை அந்த விலையால பெருக்குங்க. விலை 0.5000, யூனிட் 1,970.44னா வர்றது 985.22. மீதி 14.78 தான் நீங்க கொடுத்த கட்டணம். தளம் சொன்ன விகிதத்தோட ஒத்துப்போகலன்னா உடனே கேளுங்க.

ஒரு நிதி வெளிநாட்டு நிதி ஒண்ணுலயே எல்லாப் பணத்தையும் போடுற வகைன்னா, அந்த உள் நிதியோட கட்டணம் 1.5%க்குள்ள அடங்குதா, மேலதிகமான்னு தயாரிப்பு விளக்கத் தாள்ல பாருங்க. சில பக்கம்தான் இருக்கும், படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. அப்புறம், ஒரே நிறுவனத்துக்குள்ள நிதி மாத்துறதுக்கு பெரும்பாலும் சின்னக் கட்டணம். வேற நிறுவனத்துக்கு மாறினா விற்பனைக் கட்டணம் மறுபடியும் முதல்ல இருந்து வரலாம்.

பணச்சந்தை நிதிக்கு (குறுகிய கால வைப்புகள்ல போடுற நிதி) 0.8% செயலி வேண்டவே வேண்டாம். 3.5% வருமானத்துல கால்வாசி அதுக்கே போயிடும்.

பால்மரம்:
ரொம்ப நன்றி. ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்துல எடுத்துப் போட்டா இதே கணக்கா? அமானா சஹாமும் யோசிக்கிறேன்.

கிராணி:
ஈபிஎஃப்க்கு வேற வரம்பு. ஏஜெண்ட் வழியா போனா விற்பனைக் கட்டணம் 3% வரை. ஐ-அக்கவுன்ல (ஈபிஎஃப்போட ஆன்லைன் கணக்கு) இருக்கிற ஐ-இன்வெஸ்ட்ங்கிற முதலீட்டு வசதி வழியா நீங்களே போட்டா அதிகபட்சம் 0.5%. 10,000க்கு அங்க சுமார் 290, இங்க சுமார் 50, அவ்வளவு வித்தியாசம். ஆனா உங்க வயசுக்கு ஈபிஎஃப் வச்சிருக்கிற அடிப்படைச் சேமிப்புக்கு மேல இருக்கிறதுல 30% வரைதான் எடுக்கலாம், அவங்க அனுமதிச்ச நிதிகள்ல மட்டும். ஈபிஎஃப் லாப ஈவை விட்டுட்டுப் போறீங்கங்கிறதையும் கணக்குல சேருங்க.

அமானா சஹாம் மலேசியா நிலை விலை நிதி, யூனிட் 1 வெள்ளி, விற்பனைக் கட்டணம் கிடையாது. ஒதுக்கீட்டுல யூனிட் இருந்தா முதல்ல அங்க போடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

எந்தத் தளமா இருந்தாலும் செக்யூரிட்டீஸ் ஆணையத்தோட (முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கிற அமைப்பு) பதிவேட்டுல பேரைத் தேடிப் பாருங்க. ஏஜெண்ட்னா அவரோட ஃபிம் (மலேசிய முதலீட்டு நிர்வாகிகள் கூட்டமைப்பு) பதிவு எண்ணைக் கேளுங்க. தன்னோட சொந்தக் கணக்குல பேங்க் இன் பண்ணச் சொன்னா, அதுக்கு மேல பேச்சே வேண்டாம்.